தம்பி “நான் பெண்” என்கிறான், வீட்டில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார்கள். இது மனநோயா?

சிப்புட் அக்கா:

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். லயத்தை விட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது, இப்போது டவுனுக்கு வெளியே மலிவு விலை வீடு, அப்பா மட்டும் இன்னும் மோட்டாரில் போய்ச் செம்பனைக் குலை வெட்டுகிறார். எனக்குக் கீழே ஒரே தம்பி, வயது 19. எஸ்.பி.எம். பரீட்சை நன்றாகச் செய்தான், படிவம் ஆறில் சேர்ந்து பாதியில் நின்றுவிட்டான். ஏன் நின்றான் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அக்கா, நான் தம்பி இல்லை, தங்கச்சி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இனிமேல் மறைக்க முடியவில்லை” என்றான். அழவில்லை, சத்தம் போடவில்லை, பல நாள் தனியாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். நான் என்ன பதில் சொன்னேன் என்று இப்போதும் நினைவில்லை. “அம்மாவுக்குத் தெரியுமா” என்று கேட்டேன் போலிருக்கிறது.

அம்மாவுக்குத் தெரிந்தது, அப்புறம் பெரிய மாமாவுக்குத் தெரிந்தது, அதோடு ஊருக்கே தெரிந்தது. முதலில் ஒரு பூசாரியிடம் கூட்டிப் போனார்கள். எலுமிச்சம்பழம் அறுத்துத் தாயத்துக் கட்டி, மூன்று வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். இரண்டாவது வெள்ளியோடு தம்பி வர மறுத்துவிட்டான். இப்போது மாமா சொல்கிறார், இது சாமி குறை இல்லை, மூளைக் கோளாறு, தஞ்சோங் ரம்புத்தானில் சேர்த்தால் ஊசி போட்டுச் சரி பண்ணிவிடுவார்கள் என்று. மாமா ஒரு காலத்தில் தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸருக்குக் கையாளாக இருந்தவர். அவரிடம் இருக்கும் பழைய மருத்துவப் புத்தகத்தில் மனநோய்ப் பட்டியலில் இது இருப்பதை விரல் வைத்துக் காட்டினார். அன்று ராத்திரியே கோலாலம்பூரில் படிக்கும் சித்தி மகள் போன் செய்து, உலகச் சுகாதார நிறுவனம் இதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்கிறாள். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை.

எங்கள் ஊரில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரை மணி நேரத் தூரம்தான், ஆனால் “அங்கே போய் வந்தவன்” என்று ஒரு முறை சொல்லிவிட்டால் சாகும்வரை அந்தப் பேச்சு போகாது.

அப்பா வருகிற செவ்வாய்க்கிழமை லீவு எடுத்திருக்கிறார். அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். இது நோயா இல்லையா? நோய் இல்லை என்றால் டாக்டர் புத்தகத்தில் இதற்கு ஏன் இன்னும் ஒரு எண் இருக்கிறது? நோய் என்றால் மருந்தில் மாறுமா? தம்பி ராத்திரியில் தூங்குவதே இல்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவன், அவள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதி அழித்துவிட்டேன், தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ எம்.ஏ.:

தங்கச்சி, நான் அரசாங்கக் கிளினிக்கில் எம்.ஏ.வாக, அதாவது மருத்துவ உதவியாளராக இருக்கிறேன், டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன், ஏனென்றால் என் மேசைக்கு முன்னால் இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வெட்கம்தான் படிக்க வைத்தது.

உங்கள் மாமா காட்டியதும் உண்மை, சித்தி மகள் சொன்னதும் உண்மை. மாமாவின் புத்தகம் பழையது, அவ்வளவுதான். உலகச் சுகாதார நிறுவனம் நோய்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, ஐ.சி.டி. என்பார்கள். அதன் பத்தாம் பதிப்பு 1990-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது, அதில் இது எஃப்64 என்ற எண்ணில், மனநோய்களுக்கான அத்தியாயத்தில் இருந்தது. பதினொன்றாம் பதிப்பை 2019 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் மனநோய் அத்தியாயத்தில் இது கிடையாது. பெயரும் மாறிவிட்டது. பாலினப் பொருத்தமின்மை என்று தமிழில் சொல்லலாம், பாலியல் நலம் சார்ந்த நிலைகள் என்ற தனி அத்தியாயத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் நடை உடையில் வேறு மாதிரி இருக்கிறார் என்பதை மட்டும் வைத்து இந்தப் பெயரைக்கூடப் போடக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் தனியாக ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள், டி.எஸ்.எம். அதில் 1980-இல் இது முதன்முதலாக நுழைந்தது, 1994 பதிப்பில் பாலின அடையாளக் கோளாறு என்று பெயர். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் பாலின மனத்துயர் என்று வைத்தார்கள். நோய் என்று எழுதுவது அந்த மனத்துயரைத்தான், அந்த ஆள் தன்னைப் பெண் என்று அறிந்திருப்பதை நோயாக எழுதவில்லை. ஆனாலும் அது இன்னும் மனநோய்ப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது, அதனால் உலகத்தில் எல்லா டாக்டரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

நோய் இல்லை என்றால் எண் எதற்கு என்று கேட்டீர்களே, நல்ல கேள்வி. பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதே பட்டியலில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. கர்ப்பம் நோயா? இல்லை. ஆனால் டாக்டர் வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும், கார்டு போட வேண்டும், எண் இல்லாமல் அதெல்லாம் நடக்காது. ஹார்மோன் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கும் அப்படித்தான். எண்ணையே அடியோடு எடுத்துவிட்டால் கவனிக்க வேண்டிய டாக்டர் “எனக்கு இதில் வேலை இல்லை” என்று சொல்லிவிடலாம்.

பட்டியலில் இதன் இடத்தை மாற்றுவதற்கு முன்னால் மெக்சிகோ நகரத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2016-இல் லான்செட் குழுமத்தின் மனநல இதழில் வந்தது, 250 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பட்ட மனவேதனைக்கும் படிப்பு, வேலை கெட்டுப்போனதற்கும் எது காரணம் என்று பிரித்துப் பார்த்தால், வீட்டிலும் வெளியிலும் ஒதுக்கப்பட்டதும் அடி உதை வாங்கியதும்தான் முன்னால் வந்து நின்றது. பாலினம் பொருந்தாமல் இருப்பது அந்த அளவுக்கு நிற்கவில்லை. தம்பி தூங்காமல் இருப்பதை இதை வைத்து யோசித்துப் பாருங்கள். மூன்று வெள்ளிக்கிழமைக் கணக்கு, மாமாவின் விரல், செவ்வாய்க்கிழமை லீவு எல்லாம் அந்தப் பிள்ளையின் காதில் விழுந்துகொண்டுதானே இருக்கிறது.

தூக்கமின்மையும் சாப்பிடாததும் தனி விஷயம், அதை விடக் கூடாது. மனச்சோர்வாக இருக்கலாம், அது யாருக்கும் வருவது, அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்க்கலாம், அவர் கடிதம் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் உலு கிந்தா பகாகியா ஆஸ்பத்திரியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், 1911 முதல் இருக்கும் இடம், அங்கே வேலை செய்கிறவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான், எத்தனையோ குடும்பம் அங்கே பிழைத்திருக்கிறது, பேயைப் போல அதைக் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. ஆனால் 19 வயது ஆளை, வீட்டில் ஆசைப்படுகிறார்கள் என்பதற்காக மட்டும் அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி டாக்டர் நேரில் பரிசோதித்துத் தேவை என்று எழுத வேண்டும். பெண் என்று நினைப்பதை நிறுத்த ஒரு ஊசியும் கிடையாது.

கடைசியாக, இதைத் தனியாகக் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள்: ஹார்மோனுக்காக மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கிப் போடுகிறாளா என்று. நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் தொடங்குகிறார்கள், இரண்டு மூன்று என்று சேர்த்துப் போடுவார்கள். காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து அதில் இருக்கிறது, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். பட்டியல் சண்டையைவிட எனக்கு இதுதான் பெரிய பயம்.

கங்சார் அப்பா:

எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் அந்த அப்பாவின் பக்கம் நின்று பேச ஒருவராவது வேண்டும் என்று எழுதுகிறேன். பிள்ளையை அடிப்பதும் வீட்டை விட்டுத் துரத்துவதும் பாவம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் பட்டியலை மாற்றினால் நோய் போய்விடுமா? ஓரினச் சேர்க்கையை அமெரிக்காவில் 1973-இல் ஓட்டுப் போட்டு மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இனிப்பு நீர் நோயை, அதாவது சர்க்கரை வியாதியை, யாராவது ஓட்டுப் போட்டு எடுக்க முடியுமா? ஓட்டுப் போட்டு எடுக்கக்கூடியது என்றால் அது முதலிலேயே மருத்துவமா அரசியலா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. அப்புறம் இன்னொன்று. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் பிள்ளை, எலும்பும் தோலுமாக இருந்தாள், கண்ணாடியில் பார்த்து நான் குண்டாக இருக்கிறேன் என்று சாப்பாட்டைத் தள்ளினாள். எந்த டாக்டரும் “ஆமாம் அம்மா, நீ குண்டுதான்” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் இன்று இல்லை. மனது ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது என்றால் ஏன் இங்கே மட்டும் உடம்பை மாற்றச் சொல்கிறீர்கள்?

இங்கிலாந்தில்கூட 2024-இல் சின்னப் பிள்ளைகளுக்குப் பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசியை வழக்கமாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், ஆதாரம் போதவில்லை என்று. அவர்களே நிதானமாகிறார்கள். 19 வயது என்பது என்ன வயது? நான் 19 வயதில் எடுத்த முடிவில் பாதி இன்று எனக்கே பிடிக்கவில்லை. ஒரு நல்ல மனநல டாக்டரிடம் காட்டுவதில் என்ன அவமானம், கூட்டிப் போகட்டுமே.

பீடோர் வாத்தியார்:

கங்சார் தம்பி, கோபப்படாமல் கேட்டிருக்கிறீர்கள், நானும் அப்படியே பதில் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன், இந்தப் பிள்ளைகள் நாலைந்து பேரை வகுப்பில் பார்த்தவன், அவர்களில் இரண்டு பேரை நான் காப்பாற்றியிருக்கலாம். மற்றப் பையன்கள் “ஒம்போது” என்று கூப்பிட்டபோது நான் அந்தப் பிள்ளையைத்தான் கூப்பிட்டு “ஒழுங்காக நட” என்றேன். அது என்னை விட்டுப் போகவில்லை.

எங்கள் தாத்தா ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ஒப்பந்தம் முடியாமல் தோட்டத்தை விட்டு ஓடினால் அந்தக் காலத்தில் குற்றம், பிடித்து ஜெயிலில் போடுவார்கள். மலாயாவில் அந்த முறை 1910-இல்தான் நின்றது. தாத்தா இரண்டு முறை ஓடியவர். அவரை ஓடுகாலி என்றார்கள், திமிர் பிடித்தவன் என்றார்கள், நல்ல வேளை பைத்தியம் என்று எழுதவில்லை. அமெரிக்காவில் எழுதினார்கள். 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர், தோட்டத்து அடிமைகள் எசமானை விட்டு ஓடிப்போவது ஒரு மனநோய் என்று சொல்லி அதற்கு டிரப்பெட்டோமேனியா என்று கிரேக்கப் பெயரே வைத்தார். அடிமையைச் சரியாக நடத்து, ஓட நினைத்தால் சவுக்கால் அடி, குணமாகும் என்பது அவர் வைத்தியம். அதைக் கேட்டு நியாயம் என்று தலையாட்டியவர்களும் இருந்தார்கள். நோய்ப் பட்டியலில் இருப்பதெல்லாம் பொய் என்று சொல்ல இதை நான் எடுக்கவில்லை. இனிப்பு நீருக்கு ரத்தத்தில் அளவு இருக்கிறது, பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை அரித்துவிடும். மனது சம்பந்தப்பட்ட பட்டியலை எழுதும்போது மட்டும் யார் பேனாவைப் பிடித்திருக்கிறார் என்பதும் மைக்குள் கலந்துவிடுகிறது. 1980-இல் இதை உள்ளே சேர்த்ததும் சில பேர் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததுதானே. உள்ளே போட்டது மட்டும் மருத்துவம், வெளியே எடுத்தது அரசியல் என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பெண் பிள்ளையைப் பற்றி. அவள் எலும்பும் தோலுமாக இருந்தும் குண்டு என்று நம்பினாள். தராசு ஒன்று சொன்னது, அவள் வேறொன்று கண்டாள். இந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு மயக்கமும் இல்லை. தன் உடம்பு ஆண் உடம்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், நம் எல்லாரையும்விட அதிகமாகத் தெரியும், தெரிந்திருப்பதுதான் அவளுக்கு வலி. இல்லாததை இருக்கிறதாகக் காண்பதற்குப் பெயர் வேறு, இருப்பதைக் கண்டு வேதனைப்படுவதற்குப் பெயர் வேறு. சாப்பிட வைத்தால் உங்கள் பிள்ளை பிழைத்தாள். இவர்களை மாற்றுகிறேன் என்று இறங்கியவர்கள் மின்சாரம் வைத்தார்கள், வாந்தி மருந்து கொடுத்தார்கள், யாரும் மாறவில்லை, பலர் உடைந்துபோனார்கள்.

இங்கிலாந்து விஷயம் நீங்கள் சொன்னது சரி. ஆனால் அங்கே கேள்வி எந்த வயதில் எந்த மருந்து, அதற்கு ஆதாரம் எவ்வளவு என்பது. இது மனநோயா என்பது அங்கே கேள்வியே இல்லை. இரண்டையும் ஒரே சாக்கில் கட்ட வேண்டாம். மருந்தில் நிதானம் வேண்டும் என்பதில் நானும் உங்களோடுதான்.

தமிழ் வாத்தியார் என்பதால் இதையும் சொல்லிவிட்டுப் போகிறேன். தொல்காப்பியர் இவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்று யோசித்து, உயர்திணையில் வைத்தார். தெய்வத்தைக் குறிக்கும் சொல்லையும் இவர்களைக் குறிக்கும் சொல்லையும் ஒரே நூற்பாவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவற்றுக்கென்று தனி விகுதி இல்லை, ஆண்பால் பெண்பால் விகுதியிலேயே பேசப்படும் என்றார். அது இலக்கணம், மருத்துவம் இல்லை, தெரியும். அவன் என்பதா அவள் என்பதா என்று சிப்புட் தங்கச்சி தடுமாறியதைப் படித்ததும் நினைவு வந்தது.

இந்தான் மல்லி:

எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், நானும் பேசுகிறேன். எனக்கு 46 வயது, தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டம்தான் சொந்த ஊர், திருநங்கை. பதினேழு வயதில் வீட்டை விட்டு வந்தவள். வந்தவள் என்று எழுதினேன், அப்பா துணிப்பையை வாசலில் வைத்துவிட்டார், அதை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எனக்கு அருள் வரும், கரகம் எடுப்பேன். அன்றைக்கு என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டவர்கள், அம்மா அம்மா என்று கூப்பிட்டவர்கள், மறுவாரம் சாக்குக் கடையில் பார்த்தால் “பொண்டான்” என்பார்கள். சாமி இருக்கும்போது நான் அம்மா, சாமி மலையேறியதும் நான் நோயாளி. எனக்குள் ஒன்றும் மாறவில்லை, இரண்டு நாளும் ஒரே ஆள்தான்.

இப்போது இந்த மனநோய்க் காகிதத்தைப் பற்றி. நான் அதை வெறுத்தேன், ஆனால் அதை வாங்க நாலு வருஷம் அலைந்தேன். ஏனென்றால் நல்ல டாக்டர் ஒருவர் ஒழுங்காக ஹார்மோன் கொடுக்க வேண்டும் என்றால், இவளுக்கு இது இருக்கிறது என்று மனநல டாக்டர் ஒரு கடிதம் எழுத வேண்டும். அது கிடைக்கும்வரை எம்.ஏ. அண்ணன் சொன்ன அதே மாத்திரைதான், ஒரு நாளைக்கு நாலு. காலில் ரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கடிதம் கிடைத்த அன்று படித்துப் பார்த்தால் எனக்கு மனக்கோளாறு என்று இருக்கிறது. சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தது. அதனால் பட்டியலிலிருந்தே எடு என்று கோஷம் போடுகிறவர்களிடமும் எனக்குப் பேச்சு உண்டு: கதவை உடைத்துவிட்டு வீட்டுக்குள் எப்படிப் போவது என்று சொல்லிவிட்டு உடையுங்கள். 2019-இல் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது, எண்ணை வைத்துக்கொண்டு பைத்தியம் என்ற சொல்லை எடுத்தார்கள்.

மைகாட் அடையாள அட்டையும் அப்படித்தான். நம் நம்பரில் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 2005-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், டாக்டர்கள் கொடுத்த சாட்சியத்தை ஏற்றுக்கொண்டு ஒருவருக்குப் பெண் என்று மாற்றிக் கொடுக்கச் சொன்னார். அதையொட்டிய காலத்தில் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் திருநம்பி ஒருவர் கேட்டார், கிடைக்கவில்லை. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இன்னொருவருக்கு மறுத்துவிட்டது. நான் இன்னும் ஒற்றைப்படைதான். ஒரு கிளினிக்கில் மைகாட் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள், நான் சேலையில் எழுந்து நின்றேன், அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு நூற்று மூன்று காய்ச்சல், அப்படியே வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். டாக்டருக்கு அது தெரியாது, அவர் கணக்கில் நான் மருந்துக்கு வராத நோயாளி.

கங்சார் அண்ணே, நல்ல மனநல டாக்டரிடம் காட்டினால் என்ன அவமானம் என்று கேட்டீர்கள். ஒரு அவமானமும் இல்லை. நானே போனேன், எனக்கு மனச்சோர்வு இருந்தது, மருந்து சாப்பிட்டேன், நன்றாக வேலை செய்தது. மருந்து சாப்பிட்டபின் சோர்வு போனது, நான் பெண் என்பது போகவில்லை. இதைவிடப் பெரிய ஆதாரம் என்னிடம் இல்லை.

சிப்புட் தங்கச்சி, உன் தங்கச்சி உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். எனக்கு அப்படிச் சொல்ல ஒரு அக்கா இருந்ததில்லை.

கங்சார் அப்பா:

மல்லி அம்மா, படித்தேன், இரண்டு முறை படித்தேன். பட்டியல் விஷயத்தில் என் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை, தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சோர்வு போனது, அது போகவில்லை என்று சொன்னீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. சிப்புட் தங்கச்சியின் அப்பாவுக்கு யாராவது ஆண் பிள்ளை போய்ப் பேச வேண்டும் என்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன், பக்கத்து ஊர்தான். மாமாவிடம் பேச என் வயதுக்காரன் இருந்தால் நல்லது.

ஈப்போ எம்.ஏ.:

கங்சார் அண்ணன் சொன்னது நல்லது. தங்கச்சி, ஒன்றை விட்டுவிட்டேன். ராத்திரியில் அவள் பேச்சில் செத்துப்போகலாம் என்ற மாதிரி ஏதாவது வந்தால் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், எந்த ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கும் போகலாம், 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை 2023-இல் எடுத்துவிட்டார்கள்.

சிப்புட் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன். மாத்திரை விஷயம் கேட்டேன், போட்டிருக்கிறாள், இரண்டு மாதமாக. பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள், டாக்டர் சொல்லும்வரை போடாதே என்றேன், சரி என்றாள். செத்துப்போகிற பேச்சு இல்லை, நேராகவே கேட்டுவிட்டேன்.

நேற்று ராத்திரி அப்பாவிடம் பேசினேன். மாமா காட்டிய புத்தகம் எந்த வருஷத்துப் புத்தகம், இப்போது என்ன இருக்கிறது என்று எல்லாம் சொன்னேன். மெக்சிகோ என்று தொடங்கியதும் அவர் முகம் வேறு பக்கம் போய்விட்டது, பிள்ளைத்தாய்ச்சிக் கார்டு என்று சொன்னபோதுதான் திரும்பிப் பார்த்தார். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார், “மருந்து கொடுத்தால் மாறுமா மாறாதா?” மாறாது அப்பா, ஆனால் தூக்கத்துக்கு மருந்து இருக்கிறது என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய்க் குலை வெட்டும் அரிவாளை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார், மறுநாள் வேலை இல்லாதபோதும். அப்புறம் உள்ளே வந்து, லீவு எடுத்தது எடுத்ததுதான், தஞ்சோங் ரம்புத்தான் வேண்டாம், டவுன் கிளினிக்குக்கே போகலாம், நானே கூட்டிப் போகிறேன் என்றார். மாமாவிடம் என்ன சொல்வது என்று அம்மா கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கங்சார் அண்ணே, அதற்கு உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு சின்னக் கேள்விதான். கிளினிக்கில் மல்லி அக்காவுக்கு நடந்த மாதிரி பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள், அப்பாவும் பக்கத்தில் இருப்பார். என்ன செய்வது?

ஈப்போ எம்.ஏ.:

பதிவு மைகாட் பெயரில்தான் நடக்கும், அதை மாற்ற முடியாது. ஆனால் கவுண்டரில் கார்டைக் கொடுக்கும்போதே, பெயர் வேண்டாம், நம்பரை மட்டும் கூப்பிடுங்கள் என்று கேளுங்கள். கேட்டால் செய்வார்கள், முடியாது என்றால் அங்கே இருக்கும் எம்.ஏ. அல்லது மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) போய்ச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம், ஏழரைக்குள் போய் நம்பர் எடுத்துவிடுங்கள். மாத்திரைப் பெட்டியையும் கையோடு கொண்டு போங்கள்.